சுவரில் வைத்த கைகள்

ஓடுகிறோம். நான், அம்மா, அண்ணன் சேகர். அப்பா இல்லை. விடிவதற்கு முன்பே வானகரத்துக்கு லோடு இறக்கப் போய்விட்டார். பக்கத்துக் குடிசைப் பச்சையம்மா அத்தை இதுவரை கூட வந்தாள். இப்போது இல்லை. ஸ்டவ்வை எடுக்கத் திரும்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை. காலை ஏழேகால்.

பட். பட். தகரத்தைக் கல்லால் அடித்த மாதிரி. பிறகு புஸ்ஸென்று புகை. கண் எரிகிறது. மூக்கு எரிகிறது.

"ஏரிக்கரைப் பக்கம் போவாதீங்க! அங்கயும் போலீஸ் நிக்கிறானுங்க!"

யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை. புகைக்குள் குரல் மட்டும்தான். பின்னால் புல்டோசர் உறுமுகிறது. நிற்கிறது. மறுபடி உறுமுகிறது. நடுவில் மூங்கில் ஒடிகிற சத்தம். ஒரு குடிசைக்கு ஒரு சத்தம். பதினேழு வரை எண்ணினேன். அப்புறம் தூரமாகிவிட்டது.

மேனாம்பேட்டுக்குப் பின்னால், ஏரியை ஒட்டிய புறம்போக்கு. அறுபத்திரண்டு குடிசை. எங்கள் அப்பா அம்மா எல்லாம் அங்கிருந்த வயலில் நாற்று நட்டவர்கள். வயல் போனது. கம்பெனிகள் வந்தன. கம்பெனியில் மூட்டை தூக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனது நான்தான். அதனால் மனு எழுதுவதும் நான்தான்.

இடத்தைக் காலி செய்யச் சொன்னதும் மூன்று மனு எழுதினேன். கீழே எல்லோரும் கட்டைவிரல் வைத்தார்கள். தாலுகா ஆபீசில் மூன்றாவது மனுவை வாங்கியவர் புரட்டிப் பார்த்தார். "இத்தினி கைநாட்டையும் ஒரே ஆளே வெச்சிருப்பான் போலிருக்கே" என்று சிரித்தார். பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள்.

சுவருக்குக் காரணம் அந்தச் சிரிப்பு. யோசனை என்னுடையது. வேறு யார் மேலும் பழி போகக் கூடாது. அதனால் எழுதிவைக்கிறேன்.

"கட்டவெரல நம்பலன்னா முழுக் கையயும் வெப்போம். ரோட்டைப் பாத்த கம்பெனி சுவத்துல. சைஸ் சைஸா இருக்கும். ஒரே ஆளுன்னு எவன் சொல்லுவான்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். அண்ணன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பஸ் பாடி கட்டும் ஷெட்டில் ஸ்பிரே பெயிண்டர். டின்களின் அடியில் மிஞ்சிய ரெட் ஆக்சைடைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். கேட்டுக்கும் கிரில்லுக்கும் முதலில் அடிக்கிற செங்காவிப் பெயிண்ட். ஸ்பிரே கன்னுக்குக் கரண்ட் வேண்டும். எங்களிடம் கரண்ட் இல்லை. மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற கைப்பம்பில் தின்னர் கலந்து ஊற்றினான். வெள்ளையடித்த சுவரில் கையை விரித்து வைக்க வேண்டும். அவன் சுற்றி அடிப்பான். புஸ். புஸ். கையை எடுத்தால் சுவரில் வெள்ளைக் கை. சுற்றிலும் சிவப்பு. புறங்கை முழுக்கச் சிவப்பு.

"இன்னா சேகரு, மருதாணி வெச்ச மாதிரி கீது! என் கண்ணாலத்துக்குக்கூட இப்டி செவக்கல" என்றாள் பச்சையம்மா அத்தை.

"அப்போ இன்னொரு கண்ணாலம் பண்ணிடலாமா அத்தே?"

"பண்ணு. பட்டா வெச்சிருக்கவனாப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கைக்குழந்தையின் கையைக்கூட அமுக்கிப் பிடித்து வைத்தார்கள். நூற்று நாற்பத்தாறு கை. மேலே பெரிய எழுத்தில் நான் எழுதினேன். ஒரே ஆள் இல்லை. இத்தனை பேர்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை பரீட்சை. ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிராக்டிகல். கையில் பாலிதீன் கவர் கட்டிக்கொண்டுதான் சுவரில் வைத்தேன்.

"தொரை பரீச்சைக்குப் போறாரு. கை அழுக்காவக் கூடாது" என்றான் அண்ணன். கவரோடு வைத்ததில் விரல் பிரியவில்லை. "வாத்துக்கால்டா இது" என்று கூட்டமே சிரித்தது.

அந்தப் பெயிண்ட் தண்ணீருக்குப் போகாது. சோப்புக்கும் போகாது. கிருஷ்ணாயில் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த மாதம் ரேஷனில் பாதிதான் ஊற்றினார்கள். அண்ணன் பாட்டிலை எடுத்தான். அம்மா பிடுங்கினாள்.

"கை தொடைக்கவா கிருஷ்ணாயிலு? அடுப்புக்கு உன் நைனாவா ஊத்துவாரு?"

எந்தக் குடிசையிலும் யாரும் கை துடைக்கவில்லை. ரெண்டு நாளில் தானாகப் போய்விடும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை புல்டோசர் வந்தது. கல் பறந்தது. யார் எறிந்தது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் மூவரும் எறியவில்லை. புல்டோசர் கண்ணாடி உடைந்தது. ஒரு போலீஸ்காரருக்கு நெற்றியில் ரத்தம். அதன் பிறகு எங்கள் இடத்து ஆண்கள் எல்லோரையும் தேடினார்கள். எங்கள் இடத்து ஆள் யார் என்று எப்படித் தெரியும்? முதலில் பிடிபட்டவன் கையைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு சுவரைப் பார்த்திருக்கிறார்கள்.

ஏழு நாற்பது. ரயில்வே கேட். வேப்பம்பட்டில் சித்தி வீடு. அங்கே போவதாக இருந்தோம். கேட்டில் போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

"கையைக் காட்டு! ரெண்டு கையும்! திருப்பு!"

பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அம்மாவின் கை துணி மூட்டைக்குள் இருக்கிறது. என் கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. ஹால் டிக்கெட்டைக் காட்டுகிறேன். அண்ணன் கையைத் திருப்புகிறார்கள். நக இடுக்கெல்லாம் சிவப்பு.

"இவன் உன் கூட வந்தவனா?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

நான் வாய் திறக்கும் முன் அண்ணன் பேசிவிட்டான். "இல்ல சார். இந்தப் பையன் யாருன்னே தெரியாது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தார்கள்.

"தெரியாது சார்" என்றேன்.

முதல் அடி அண்ணன் முழங்காலில். ஈரமரத்தில் விழுந்த மாதிரி சத்தம். நான் ஸ்டேஷன் படி ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சத்தமும் கேட்டது. மூன்றாவதும் கேட்டது.

ஏழு ஐம்பத்தைந்துக்கு வண்டி. அம்மா அழவில்லை. மூட்டையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. ஆவடி வந்தது. என் ஐ.டி.ஐ. அங்கேதான்.

"எறங்கு. போய் எழுது."

"இன்னாம்மா சொல்ற? அண்ணன்..."

"எறங்குன்னேன்ல."

இறங்கினேன். மத்தியானம் வரை அரத்தால் இரும்புத் துண்டைத் தேய்த்தேன். நாலு மூலையும் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். நின்றது. வாத்தியார் தலையாட்டினார். எழுபத்தெட்டு மார்க். பாஸ்.

அப்பா சாயங்காலம் திரும்பினார். குடிசை எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாம் சமமாக இருந்தது. வியாழக்கிழமை சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஒரு கோட்டிங்கில் சிவப்பு மறையவில்லை. மூன்று கோட்டிங் அடித்தார்கள்.

அண்ணன் ஒன்பதாம் நாள் வந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. எந்தக் கையைச் சுவரில் வைத்தாய் என்று லாக்கப்பில் கேட்டார்களாம். இவன் காட்டினானாம்.

"நான் சொல்லியிருக்கணும். நீ என் அண்ணன்னு" என்றேன்.

"சொல்லி? ரெண்டு பேரும் உள்ள போயிருப்போம். அம்மாவ யாரு வண்டி ஏத்துறது? விட்றா."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இன்றுவரை பேசியதில்லை. படிக்கிறவர்களாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

போனது இவ்வளவு. குடிசை அறுபத்திரண்டு. பிடிபட்ட ஆண்கள் இருபத்து மூன்று பேர். அத்தனை பேர் கையிலும் சிவப்பு. கல் எறிந்தவர்கள் அதில் இருந்தார்களா என்று இதுவரை தெரியாது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கோழி, என் புத்தகங்கள். அண்ணனின் வேலை. ஸ்பிரே கன் விசையை அவனால் அழுத்த முடியவில்லை. பச்சையம்மா அத்தை. கண்ணீர்ப் புகைக் குண்டின் தகரம் தலையில் பட்டது. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். ஸ்டவ் கிடைத்தது. அண்ணன் சேகர், வலது கை, மூன்று விரல்.