பிரோட்டில் இருக்கும் இரண்டாவது சர்வர்

சர்க்கரை வேண்டாம் மேடம், போன வருஷமே விட்டுவிட்டேன். உங்கள் காவல் நிலையத்துக் காபி நன்றாகவே இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நெவேனா போடுவது வெறும் கரித்தண்ணீர். அவள்தான் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் கொடுத்தாள் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கெட்டிக்காரப் பெண், கொஞ்சம் அவசரக்காரி.

ஸ்வெடோசார் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். சர்வரை எங்கே வைப்பது என்று நான் எப்படி முடிவு செய்தேன் என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் அது புரியும்.

எங்கள் கம்பெனி கொடுப்பது ஒரு பொத்தான். தனியாக இருக்கும் பெரியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். விழுந்துவிட்டால், நெஞ்சு வலித்தால் அழுத்த வேண்டும். அது சர்வருக்குப் போகும், சர்வர் எங்கள் அழைப்பு அறையில் மணி அடிக்கும், அங்கிருக்கும் பெண்கள் ஆம்புலன்ஸை அனுப்புவார்கள். நீஷ் நகரில் மட்டும் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். என் அம்மாகூட ஒன்று மாட்டியிருக்கிறாள், குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள்.

எங்கள் பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. வெளியே ஓர் இடத்தில் வாடகைக்கு எடுப்பது என்று முதலாளி சொன்னார், தேர்வை என்னிடம் விட்டார். மூன்று பேர் வந்தார்கள். மூவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: ஒரு மெஷின் நின்றுபோனால் அடுத்தது எங்கே இருக்கிறது? ஜெர்மன்காரர்கள் நாற்பது பக்கத்தில் பதில் அனுப்பினார்கள். பெல்கிரேடுக்காரர்கள் நேரில் வந்து பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் வுகாஷின். அவன் என் தோளில் கை போட்டான்.

"ரெண்டாவது மெஷின் பிரோட்ல இருக்கு கூமே. மலைக்கு அந்தாண்ட. இங்க குண்டே விழுந்தாலும் உன் பெருசுங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

வுகாஷின் என் கூம். என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், என் மகளுக்குப் பெயர் வைத்தவன். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு முடியாது. கூமிடம் போய் "எங்கே, காட்டு" என்று கேட்கிற ஆளை நம் ஊரில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு அவன் வீட்டு நிலவறைக்குள் போனேன், கோஸ் ஊறுகாய் பீப்பாயைத் தூக்க ஒரு கை கொடுக்க. அங்கே அவனுடைய சர்வர்கள் இருந்தன. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒன்று, மேல்தட்டில் ஒன்று. மேலே இருந்ததில் 'பிரோட்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"பஸ்ஸைத் தவற விட்டுடுச்சு, பாவம். வசந்தத்துல கொண்டு போயிடறேன்" என்றான் வுகாஷின்.

சிரித்தான். நானும் சிரித்தேன். பீப்பாயைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம்.

மாற்றும் வேலையை நானே செய்தேன். பொத்தான் மாட்டியிருப்பவர்களின் பட்டியலை மூன்று தடவை பெயர் பெயராகப் படித்தேன். என் வேலையில் யாரும் விட்டுப்போவதில்லை, அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய சர்வரை ஒரு மாதம் அணைக்காமல் வைத்திருந்தோம், ஆத்திரம் அவசரத்துக்குத் திரும்ப. ஆனால் என் அனுமதி இல்லாமல் யாரும் திருப்ப முடியாதபடி பூட்டி வைத்தேன். ஆளாளுக்குக் கை வைத்தால் குழப்பம்தானே.

அந்தத் திங்கட்கிழமை வுகாஷின் வீட்டு ஸ்லாவா, அவன் குடும்பத்துப் புனிதர் தூய மிக்கேலின் நாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, எல்லோரும் வருவார்கள். நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். மூன்று மின் அடுப்புகளில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. பாதிரியார் ரொட்டியைக் கையில் எடுத்தார், நாங்கள் விளிம்பைப் பிடித்துச் சுற்றினோம். அப்போது விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. மணி பன்னிரண்டு இருபது.

கொஞ்ச நேரத்தில் வுகாஷின் என் காதருகே குனிந்தான். "நிலவறை பியூஸ் போயிடுச்சு கூமே. மூணு அடுப்பும் எரியறப்போ தாங்காது. போட்டாலும் திரும்ப விழும். ஒண்ணை அணைச்சா பன்னி பாதி வேகாம நிக்கும், இத்தனை பேருக்கு முன்னாடி மானம் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு அழைப்பு அறையிலிருந்து நெவேனா போனில் கூப்பிட்டாள். தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசினேன்.

"அரை மணி நேரத்துக்கு மேல ஒரு அழைப்புகூட வரலை சார். திங்கக்கிழமை இப்படி இருக்கவே இருக்காது. பழைய சர்வருக்குத் திருப்பிடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை. நீங்க அனுமதி குடுத்தாப் போதும்."

"ஊர்ல பாதிப் பேர் ஸ்லாவா சாப்பாட்டுல இருக்காங்கம்மா. யாரு அழுத்துவாங்க? நான் வந்து பாக்கறேன்."

திருப்பியிருந்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பிரோட் எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். அவன் வீட்டு ரொட்டியைக் கையில் பிடித்துவிட்டு அதை எப்படி எழுதுவது? உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தேன். பன்றி இறைச்சி நன்றாகவே வெந்திருந்தது.

நாலரைக்கு வுகாஷின் இறங்கிப்போய் பியூஸைப் போட்டான். எங்கள் பொத்தான் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. சர்வர் பேசாவிட்டால் அழைப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வழி திறந்ததும் மொத்தமாக அனுப்பும். அன்றைக்கு ஒரே வீட்டிலிருந்து நாற்பத்தோரு அழைப்புகள் வந்தன. முதலாவது பன்னிரண்டு ஐம்பதுக்கு. ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு ஒன்று. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. கடைசி அழைப்பு இரண்டு முப்பத்தைந்துக்கு.

ஸ்வெடோசார் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், நாலாவது மாடி, ஒற்றை ஆள். திங்கட்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். "இன்னும் உயிரோடதான் இருக்கேன் பொண்ணுங்களா, ஏமாந்துட்டீங்களா?" என்பார். அழைப்பு அறையில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

அழுத்தும்போதெல்லாம் அந்தப் பெட்டி "அழைப்பு கிடைத்தது, பொறுத்திருங்கள்" என்று சொல்லும். சர்வர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, தானாகவே சொல்லும். அதனால்தான் அவர் கத்தி அக்கம்பக்கத்தைக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். நாற்பத்தோரு முறையும் பொறுத்திருந்திருக்கிறார். நெவேனா அனுப்பிய ஆட்கள் கதவை உடைத்தபோது குளியலறைத் தரையில் கிடந்தார். நெஞ்சடைப்பு. முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று மாலை நாற்பத்தோரு அழைப்புகளையும் 'வாராந்திரச் சோதனை' என்று குறித்தேன். திங்கட்கிழமைதானே, பொய் என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் நெவேனா ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அடக்கத்துக்கு அவர் மகள் லின்ஸிலிருந்து வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா பட்டனை அழுத்தவே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அழுத்தியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போம்" என்றேன்.

அப்பாவுக்கு எப்போதுமே வீம்பு அதிகம் என்று அழுதாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு ஆறுதலாக இருந்தது, எனக்கும்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒப்பந்தப்படி அந்தச் சர்வர் வருஷத்தில் எட்டே முக்கால் மணி நேரம் வரை நிற்கலாம். நின்றது நாலு மணி பத்து நிமிஷம். வுகாஷின் வாக்குத் தவறவில்லை. நான் என் கூமை முழுசாக நம்பினேன், நம்பித்தான் அத்தனை பேரையும் அவன் கையில் கொடுத்தேன். அதைக் குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தாள் எதற்கு? ஓ, பட்டியல். அதையும் நெவேனா கொடுத்துவிட்டாளா? ஆமாம், ஒரே ஒரு பொத்தான் மட்டும் பழைய சர்வரிலேயே இருந்தது. என் அம்மாவுடையது. வேலை நெருக்கடியில் மாற்ற மறந்திருப்பேன் மேடம், வேறொன்றும் இல்லை.