இரண்டாவது பெயர்

வேண்டாம் தம்பி, டீ குடித்தால் எனக்கு நெஞ்சைக் கரிக்கும். அதோ அந்தப் பெண் போலீஸுக்குக் கொடுங்கள். நான் வந்ததிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள், விரல் வலிக்கும். நான் மெதுவாகவே பேசுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெட்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். ஆமாம், என்னுடையதுதான். என் மகள் சஹானா, புதுப்பட்டினத்து வாடகை வீட்டைக் காலி செய்து என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போக வந்தாள். வந்த இடத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நேரே உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். படித்த பெண். அதில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, லூமிட்ரா சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியின் பங்குப் பத்திரங்கள். இன்னொன்றுக்குப் பிறகு வருகிறேன். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் உங்களுக்கு என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும்.

என் கணவர் கேசவன், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தார். அங்கே ஒரு பம்பு போதும் என்கிற இடத்தில் மூன்று வைப்பார்களாம். ஒன்று ஓடும். அது நின்றால் ஓடுவதற்கு இன்னொன்று தயாராக நிற்கும். இரண்டும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்காக மூன்றாவது. இதைப் பஸ்ஸில் போகும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் எனக்குப் பாடமாகச் சொல்வார். கேஸ் அடுப்பை நான் அணைத்தேனா என்று படுத்த பிறகு மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் தொண்ணூற்றெட்டில் ஓய்வுபெற்றார். ஆயுள் முழுக்கச் சேர்ந்த பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் ஒரே ஒரு கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டார். அங்கே இரண்டாவது பம்பும் இல்லை, மூன்றாவதும் இல்லை.

அந்தப் பணத்தில் வீடு கட்டுவதாக இருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள் நான். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். புதுப்பட்டினத்தில், கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மனை பார்த்து வைத்திருந்தோம். சமையலறை ஜன்னல் கிழக்கே வர வேண்டும் என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குப் போனவர் லூமிட்ராவை வாங்கிக்கொண்டு வந்தார். என் வளையல்களும் அதில் சேர்த்தி.

"ரெண்டு வருஷம் பொறு ராஜம். ஒரு வீடு இல்ல, மூணு வீடு கட்டலாம். டெக்னாலஜி."

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருடைய குரல் சன்னிதியில் நிற்பவர்போலத் தணிந்துவிடும். அந்தக் கம்பெனி என்னதான் செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "சொல்யூஷன்ஸ்" என்றார். எதற்கு என்று கேட்டேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இத்தனை கம்பெனி இருக்க அதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று உங்களுக்குத் தோன்றும். மெட்ராஸுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாராம். நாவலூரைத் தாண்டும்போது நீலக் கண்ணாடி போட்ட கட்டடம் ஒன்று கண்ணில் பட்டதாம். அதுதான் அவர் செய்த ஆராய்ச்சி. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் அழைத்துக்கொண்டு போவார். எதிர்ப்பக்கத்து வேப்பமர நிழலில் நின்று, எலுமிச்சம்பழ சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டடத்தைப் பார்ப்போம். சாதம் காய்ந்துபோகும் வரை பார்ப்பார். அங்கே அப்பாசாமி என்று ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"இன்னா சார், வாரா வாரம் வந்து நிக்கிறே? உள்ள யார்னா தெரிஞ்சவங்க கீறாங்களா?"

"நான் இந்தக் கம்பெனியோட பங்குதாரர்."

"அப்டின்னா?"

"இதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கு."

அப்பாசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். காலில் ஹவாய் செருப்பு, கையில் டிபன் டப்பா. "ஓனரா? நல்லதா போச்சு நைனா. ரெண்டாம் மாடி கக்கூசு பைப்பு ஒரு மாசமா ஒழுவிகினு கீது. உள்ள சொல்லி வுடு."

கேசவன் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பைப்பைப் பற்றிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் சிரிக்கவில்லை. ஒருவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்றால் அவர்மேல் கொஞ்சமாவது மதிப்பு இருக்க வேண்டும்.

ஆனால் பங்கு ஏறியது. அதுதான் விசேஷம். காலையில் பேப்பர் வந்ததும், "அந்த ஒரு பக்கத்தை மட்டும் இப்படிக் குடேன் ராஜம்" என்பார். பொடி எழுத்தில் விலைப்பட்டியல் போட்டிருக்குமே, அந்தப் பக்கம். உலகத்தில் வேறு என்ன நடந்தாலும் அவருக்குத் தேவையில்லை. கார்கில் சண்டை நடந்தபோதுகூட அந்தப் பக்கம்தான். விரலை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்துவார். அவர் முகத்தைப் பார்த்தே நான் விலையைத் தெரிந்துகொள்வேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வாய் கொஞ்சம் கோணியது, வலது கை விழுந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். பொங்கலுக்குள் எழுந்து நடந்துவிட்டார். பிரஷர் மாத்திரையை மட்டும் ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள் என்று டாக்டர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று டாக்டருக்கும் தெரிந்திருக்கிறது. மாத்திரை என் பொறுப்பு ஆயிற்று.

இரண்டாயிரம் பிறந்தபோது லூமிட்ரா வாங்கிய விலையைப்போல் இருபது மடங்கில் நின்றது. விற்றுவிடலாம் என்றேன்.

"இப்பவா? இப்பத்தான் அது நடக்கவே ஆரம்பிச்சிருக்கு."

"பாதியையாவது வித்துருங்க."

"பாதியை வித்துட்டு மீதி ஏறுறதைப் பாத்துகிட்டு என்னால உக்கார முடியாது."

"எறங்கினா?"

"எறங்கினா மறுபடி ஏறும். நீ புளியைக் கரை."

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். பேசாமல் இருந்தால் அவருக்குத் தாங்காது. கேட்க ஆள் இல்லாமல் பம்புக் கதையை யாரிடம் சொல்வார்? ஒருவழியாகச் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ராஜேந்திரன் என்ற புரோக்கர் இருந்தார். அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது.

"இன்னாம்மா பண்றது" என்றார் ராஜேந்திரன். "பத்திரம் ரெண்டு பேரு பேர்ல கீது. மொத பேரு சாரு, ரெண்டாவது பேரு நீங்க. ரெண்டு கையெழுத்தும் வோணும். உங்களுது கரீக்டா கீது. சாருதுதான் கோழி கெளறினாப்புல கீது. பாங்க் மேனேஜர் எதிர்ல புதுசா ஒண்ணு போட்டு குடுக்க சொல்லுங்க, முடிஞ்சிது வேல."

கேசவன் பாங்குக்கு வரமாட்டேன் என்றார். நொண்டிக் கையெழுத்தோடு போய் நாலு பேர் முன்னால் நிற்க அவருக்கு வெட்கமாம். கை தேறட்டும் என்றார். லூமிட்ரா வேறு அந்த வாரம் இன்னும் ஏறியது. நான் திரும்பவும் செங்கல்பட்டுக்குப் போனேன்.

"அத்த வுட்டா ஒரே வயிதான்மா" என்றார் ராஜேந்திரன், டீயை ஆற்றிக்கொண்டே. "மொத பேருக்காரரு இல்லன்னா டெத் சர்டிபிகேட்டு ஒண்ணு போதும். எல்லாம் ரெண்டாவது பேருக்கு வந்துரும். ஐயோ, சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன், மனசுல வச்சிக்காதீங்க."

நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அப்போது இல்லை.

மூன்றாவது முறையாக அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அந்தக் காகிதங்களும் திரும்பின. பதிவுத் தபாலில் வந்தன. நான் கிணற்றடியில் இருந்தேன், அங்கிருந்து வாசற்படி தெரியும். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. தபால்காரர் நீட்டிய சீட்டை வாசற்படியில் வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். வலது கையால்தான். கே-யின் தலையில் ஒரு வளைவு, கடைசியில் ஒரு நீண்ட வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். என் கல்யாணப் பத்திரிகையின் உறைமேல் பார்த்த அதே எழுத்து. தபால்காரர் போனதும் கையை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, பழையபடி நொண்டிக் கையாக, உள்ளே வந்து உட்கார்ந்தார். "திரும்பி வந்துருச்சு ராஜம்" என்றார். அந்தக் கோணல் வாயோரத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். கோபம் வரவில்லை. ஒரு மனிதர் தன் பெண்டாட்டியை ஏமாற்ற முடமாக நடிக்கிறார், அதுவும் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்காக. இதற்குக் கோபப்படுவது என் தகுதிக்குக் குறைவு என்று பட்டது. ஒரு தீர்மானம் மட்டும் வந்தது.

இப்போது இரண்டாவது சாமானுக்கு வருகிறேன். பெட்டியில் பிரிக்காத மாத்திரைப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவை அவருடைய பிரஷர் மாத்திரைகள். அன்று மாலையிலிருந்து அவற்றை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அதே அளவில், அதே வெள்ளையில், என்னிடம் ஒரு சத்து மாத்திரை இருந்தது. அதைக் கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். என் உள்ளங்கையிலிருந்து எடுத்து, ஒருமுறைகூட உற்றுப் பார்க்காமல் விழுங்குவார். எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்த்த மனிதர். மருந்தை ஏன் தூக்கி எறியவில்லை என்றுதான் சஹானா கேட்டாள். சர்க்கார் கொடுத்த மருந்து. வீணாக்க எனக்கு மனசு வராது.

மார்ச் மாதம் ஒரு காலையில் நாற்காலியிலிருந்து சரிந்தார். அந்தப் பக்கத்தைக் கொடுத்திருந்தேன், இன்னும் விரித்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. இடது கை தரையில் கிடந்த பேப்பரைப் பார்த்து நகர்ந்தது. ஆஸ்பத்திரி, ஆட்டோவில் ஐந்து நிமிஷம். நான் சோறு வடித்தேன். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரை எடுத்து, லூமிட்ரா இருக்கும் வரியைத் தேடிப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு முதல் தடவையாக நன்றாக இறங்கியிருந்தது. காதில் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். அப்புறம்தான் ஆட்டோவுக்குப் போனேன். இரண்டாவது ஸ்ட்ரோக், சகஜம் என்றார்கள். டாக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றார்.

ஆகவே தம்பி, கொன்றது நான்தான். அந்தப் பெண்ணை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பணத்தாசையால் என்று மட்டும் சேர்க்க வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஜன்னல். அந்தப் பைத்தியத்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினேன், அவ்வளவுதான். கூடவே அவரும் போனார்.

சர்டிபிகேட் வாங்கி, அனுப்பி, கம்பெனிக்காரர்கள் அவர் பெயரை அடித்து என் பெயருக்கு மாற்றிப் பத்திரத்தை அனுப்பியபோது மழைக்காலம் வந்துவிட்டது. விலை அதற்குள் ஆறில் ஒன்றாகிவிட்டது. "இப்பவாச்சும் வித்துடும்மா" என்றார் ராஜேந்திரன். அந்த விலைக்கு விற்க நான் என்ன அவரைப்போல விவரமில்லாதவளா? கொஞ்சம் ஏறட்டும் என்றேன். அப்புறம் வாங்கிய விலைக்காவது வரட்டும் என்றேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். ராஜேந்திரன் மாதிரி ஆட்களுக்குப் பொறுமை கிடையாது.

சுனாமியன்று புதுப்பட்டினத்தில் சனம் முழுக்கப் பிள்ளைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் இந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் ஒருத்தி, "இன்னாம்மா, உயிரு போவுற நேரத்துல பொட்டிய தூக்கிகினு ஓடுறே?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

சஹானா இந்தப் பத்திரங்களை வெறும் காகிதம் என்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்றுதான் பெயர், அடிப்படையே தெரியவில்லை. நாவலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், இப்போது ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிதான். இத்தனை கட்டடம் வந்திருக்கும்போது முதலில் வந்தவன் மட்டும் அப்படியே உட்கார்ந்திருப்பானா? டெக்னாலஜி தம்பி. உங்களுக்குச் சொன்னால் புரியாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா? போடுகிறேன். என் கையெழுத்து என்றைக்கும் மாறியதில்லை, ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன உதவி. அந்த டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இன்றைய பேப்பர்தானே அது, ஈரம் சரியாக விலைப்பட்டியலின் எல் வரிசையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. முழுப் பேப்பரும் எனக்கு வேண்டாம் தம்பி. அந்த ஒரு பக்கத்தை மட்டும் இப்படிக் கொடுங்களேன்.