காதைத் தொடாத கை

எனக்கு வெயில் பிடிக்கும். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பூமியின் தென்கோடியில், டனீடினில் ஒரு ஜூலை மாதக் குளிரைக் கழித்த யாரும் அதைக் குற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

எங்கள் வாடகை வீட்டில் நான்கு பேர் இருந்தோம். வடக்கு பார்த்த அறை ஒன்றே ஒன்று; வெயில் வருவது அதற்குள் மட்டும்தான். முதலில் குடிவந்தவன் கோரி என்பதால் அது அவனுக்கு. அடுத்து வந்த எனக்குத் தெற்கு அறை. சுவரில் பூசணம், ஜன்னலின் உள்பக்கம் பனி, துவைத்த துண்டு காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. கோரி காலி செய்தால் வடக்கு அறை எனக்கு என்பது வீட்டு வழக்கம். அவனோ படிப்பை முடித்து, உள்ளூரிலேயே வேலையும் தேடிக்கொண்டு, அசைகிற மாதிரி தெரியவில்லை.

போன ஆண்டுக் குளிரில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கோரி என்னைத் தன் அறையில் படுக்கவைத்துவிட்டு என் ஈர அறையில் போய்த் தூங்கினான். சீஸ் தடவிச் சுருட்டிச் சுட்ட ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தான். நல்லவன். அங்கே படுத்திருந்தபோதுதான் காலை வெயில் மெல்ல என் போர்வைமேல் ஏறிவருவதைப் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால், எனக்கு அந்த ருசியைக் காட்டியதே அவன்தான்.

இனி விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஆளுக்கொரு போனோடு உட்காருவோம். பக்கத்து வீட்டு ஆட்களும் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்வார்கள். திரையில் ஒரு கப்பல். எல்லோரும் மாலுமிகள், ஒருவன் மட்டும் ரகசியமாக ஓட்டை போடும் துரோகி. யார் துரோகி என்பது அவனவன் போனுக்குத்தான் தெரியும். மணி அடித்தால் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, சந்தேகப்பட்டவனைக் கடலில் தள்ள வேண்டும்.

துரோகியானால் கோரியை அடிக்க ஆளில்லை. கண் கலங்குவான், அம்மாமேல் சத்தியம் செய்வான், நாங்கள் மனமுருகி வேறொருவரைத் தள்ளுவோம். நான் நேர் எதிர். முதன்முதலாகத் துரோகியானபோது என் காது உண்மையிலேயே அரித்தது, சொறிந்தேன். எங்கள் வீட்டு ஹினேவாய் கண்கொத்திப் பாம்பு, பிடித்துவிட்டாள்.

“ஆங்கஸ் காதைத் தொட்டுட்டான். தூக்கிப் போடுங்கடா கடல்ல!”

அன்றிலிருந்து துரோகியான ஒவ்வொரு முறையும் காதைத் தொட்டேன். மற்ற ஆட்டங்களில் தொடவே இல்லை. இரண்டு வருடம் விடாமல் தோற்றேன். “உன்னால பொய் சொல்லவே முடியாதுடா, பாவம்” என்று வீட்டின் நாலாவது ஆள் செமிசி என் முதுகில் தட்டுவான். எதற்காக அப்படிச் செய்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ஊறுகாய் போட்டு வைப்பதில்லையா, என்றைக்காவது ஆகும் என்று? அந்த மாதிரிதான்.

ஹினேவாயின் மாமாக்கள் ஆண்டுதோறும் தெற்கே, தங்கள் குடும்பத்துக்குப் பரம்பரை உரிமையுள்ள தீவுக்குப் போவார்கள். டீட்டீ என்ற கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்து, உப்பில் ஊறவைத்து, அவளுக்கு ஒரு வாளி அனுப்புவார்கள். இந்த ஆண்டு வாளியை அவள் யாருக்கும் திறந்து காட்டவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து அம்மா இங்கே தங்க வருகிறாள், அவளுக்கு என்று வைத்திருந்தாள்.

நான் ஒன்றே ஒன்றுதான் தின்றேன். உப்பு கொஞ்சம் தூக்கல். மற்றதைக் கடற்கரையில் கொட்டினேன். கடற்காகங்கள் சொந்தபந்தம் எல்லாம் பார்க்கவில்லை. காலி வாளியைக் கோரியின் அலமாரியில், கம்பளிச் சட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

விளையாட்டில் இருப்பதுபோல எங்கள் கூடத்திலும் ஒரு மணி உண்டு. பாத்திரம் கழுவாதவனை விசாரிக்கச் செமிசி வேடிக்கையாக மாட்டியது. வாளியைக் காணாத அன்று அதை ஹினேவாய் அடித்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. அது எங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம்.

செமிசிதான் எல்லா அறைகளையும் பார்த்துவிடலாம் என்றான். வாளி கிடைத்தது.

“சத்தியமா நான் எடுக்கல” என்றான் கோரி. கண் கலங்கியிருந்தது. துரோகியாக ஜெயிக்கும்போது எப்படி இருக்குமோ அதே முகம்.

“நடிப்பப் பாரு” என்றாள் ஹினேவாய். “எங்கம்மா சாப்பாடுடா அது.”

நான் அவனுக்காகப் பரிந்து பேசினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோரியா அப்படிச் செய்வான் என்று கேட்டேன். அவன் என் பக்கம் திரும்பினான்.

“டேய் ஆங்கஸ், நீ எடுத்தியா?”

மூன்று பேரும் என் காதைப் பார்த்தார்கள். என் கைகள் மடியில் கிடந்தன.

“இல்லடா” என்றேன்.

கோரி என்னைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு, “சரி, இவன் இல்ல” என்று அவனே தீர்ப்புச் சொன்னான்.

கோரியை வீட்டைவிட்டு அனுப்பும் ஓட்டெடுப்பில் கடைசியாகத்தான் கை தூக்கினேன்.

சனிக்கிழமை அவன் மெத்தையைக் கார்மேல் கட்டிக்கொண்டு கிளம்பினான். வழியனுப்ப வாசலுக்கு வந்தது நான் மட்டும். “அந்த ஜன்னல் சிக்கும்டா, கீழேருந்து தூக்கு. காலைல திரைய முழுசா இழுத்து விட்டுரு, அப்பதான் வெயில் கட்டில் வரைக்கும் வரும்” என்றான். அவன் சொன்னபடியே செய்கிறேன். வருகிறது.

இப்போது ஆகஸ்ட். இதை அரைக்கைச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், வெளியே புல்மேல் பனி உறைந்து கிடக்கிறது என்றால் அறையின் அருமை புரியும். கூடத்தில் இன்னும் விளையாடுகிறோம், எவனும் ஒழுங்காகப் பொய் சொல்வதில்லை. நேற்று ஹினேவாய் கேட்டாள்: “கோரி இல்லாம என்னமோ மாதிரி இருக்குல்ல?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. செமிசியும் போனிலிருந்து தலையைத் தூக்கினான். இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தார்கள்.

எடுத்தது நான். கொட்டியது நான். பழியைப் போட்டதும் நான். இதில் எனக்கு வருத்தம் இல்லை, கோரியை ஒருநாளும் நான் தேடியதில்லை. இவ்வளவையும் ஒரு கையால்தான் போனில் தட்ட வேண்டியிருந்தது. மற்ற கைக்குக் காதைச் சொறியவே நேரம் சரியாக இருக்கிறது. குளிர்தான் காரணமாக இருக்கும்.