வைரமுடி முழுங்குன மாத்திரை

இவனெல்லாம் ஒரு வீரனா சார்? மொதல்ல அந்தப் புஸ்தகத்த மூடுங்க. பூப்பாறையில ஏறுனீங்க, போடிமெட்டு தாண்டி எறக்கத்துல போறோம், இன்னும் தலை நிமிரல. எமர்ஜென்சி வந்து ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடுதாம். இந்த பஸ்ஸுக்கு யாரும் சொல்லல போல, வளைவுக்கு வளைவு நின்னு மூச்சு வாங்குது. அதுக்காக இந்தப் பயலையா படிக்கிறது? துப்பறியும் வைரமுடிதானே? எட்டிப் பாத்துட்டேன். அட, வாரா வாரம் கிழிச்சுச் சேத்து பைண்டு போட்டிருக்கீங்களா... ஒரு வாரம்கூட விடாமயா? ம்ம். சரி. இருக்கட்டும்.

எனக்கு அவனப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது சார். மூணு நாளா தூக்கமில்ல, சோறு தண்ணி இல்ல, வெளிய பதினாறு ரவுடி. மனுசன்னா என்ன செய்வான்? பொத்துனு விழுவான். இவன் என்ன செய்றான், சட்டப்பையில கைய விட்டு ஒரு வெள்ளை மாத்திரைய எடுத்து வாயில போடுறான். அம்புட்டுத்தான். கண்ணு ரெண்டும் கங்கு மாதிரி செவந்து, எந்திரிச்சு, பதினாறு பேரையும் பந்தாடிட்டு சட்டைய உதறிட்டுப் போறான். தண்ணிகூட வேணாம் அவனுக்கு. எனக்கெல்லாம் ஒரு தலைவலி மாத்திரை முழுங்க ஒரு செம்புத் தண்ணி வேணும்.

எல்லா வீரனும் இப்படித்தான். முன்னெல்லாம் ராசா கதையில குத்துப்பட்டுக் கெடப்பான், ஒரு சித்தரு வந்து பச்சிலைய வாயில பிழிவாரு, எந்திரிச்சு மறுபடி வாளச் சுத்துவான். இப்ப சித்தருக்குப் பதிலா மருந்துக்கடை. இவனுங்களுக்கு வீரம் சொந்தமா வராது சார், வெளியேருந்து ஊத்தணும். எங்க எஸ்டேட்டு லயத்துல, வரிசை வீட்டுல, அழகுத்தாய்னு ஒருத்தி, தேயிலைக் கொழுந்து எடுக்குறவ, ஒரு தடவை கேட்டுப்புட்டா. “ஏண்ணே, மூணு நாளா இந்த ஆளு ஒண்ணுக்கே போகலையா”ன்னு. கதையில அதெல்லாம் எழுத மாட்டாங்க தாயின்னேன்.

ஆமா, நான்தான் படிப்பேன். பேரு பிச்சைமணி. டீ பேக்டரியில இலை வாட்டுற மாடியில வேலை. எஸ்டேட்டுல எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களே கொஞ்சப் பேரு. அதனால ஞாயித்துக்கெழமை, காலையில பேரு கூப்புடுற மஸ்டர் செட்டுல எல்லாரும் வந்து உக்காந்துருவாங்க, நான் படிக்கணும். அறுபது எழுபது பேரு இருப்பாங்க சார். ரவுடி பேசுனா ரவுடி கொரல், பொம்பள பேசுனா பொம்பளக் கொரல். தொரை பங்களா சமையக்காரன் பாஸ்கல் இருக்கானே, அவன் கோழியப் பாதி உரிச்சுப் போட்டுட்டு வந்து நிப்பான். பெருமைக்குச் சொல்லல.

எங்க விட்டேன்... ஆங், மாத்திரை. அந்த மாத்திரையாலதான் இப்ப நான் போடிக்குப் போறேன். எந்தங்கச்சி மூக்கம்மா புருசன், சுருளிவேல்னு பேரு. இலை நசுக்குற ரோலர் மிஷின்ல டெம்பரவரி. பொரட்டாசியில கொழுந்து கொட்டுச்சு பாருங்க, மிஷின் நிக்கல. டபுள் ஷிப்ட் கேட்டா முடியாதுன்னு சொல்லாதவனத்தான் பெர்மனன்ட் ஆக்குவாங்க. மாப்ள ஒரு ஷிப்ட்டும் விடல. எப்புடி? செக்போஸ்ட்டுல லாரிக்காரங்ககிட்ட, தூக்கம் வராம இருக்க அவங்க போடுற அந்த வெள்ளை மாத்திரைய வாங்கி முழுங்கிருக்கான். மொத நாளு ஆளு பளபளன்னு இருந்தான் சார். வாய் ஓயல. மிஷினத் தொடச்சான், பக்கத்து மிஷினயும் தொடச்சான். ரெண்டாம் நாளு பல்லக் கடிச்சுக்கிட்டே இருந்தான், சோத்தக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டான். மூணாம் நாளு... கண்ணு தொறந்துதான் இருந்துச்சுன்னு பேக்டரிய மேய்க்கிற டீமேக்கர் சொல்றாரு. கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே கைய உள்ள விட்டுட்டான். வலது கை. மூணு வெரலு போச்சு.

போடி ஆஸ்பத்திரியில கெடக்கான். திங்கக்கெழமை தொரை விசாரிக்கிறாரு. போதையில மிஷின்ல கைய விட்டவனுக்கு வேலை கெடையாதுன்னுட்டாரு. வேலை இல்லேன்னா லயத்துல வீடு இல்ல. மூக்கம்மா மூணு பிள்ளைங்களோட எங்க போவா? யூனியன் செல்லத்துரைதான் ஒரு வழி சொன்னாரு. “இவன் தானா கெட்டுப்போகல, ஊரே படிக்கிற பத்திரிகையில போட்டத நம்பி ஏமாந்துட்டான், அந்தப் பக்கத்தக் கொண்டு வாங்க, தொரைகிட்டக் காட்டி லேசு வேலையாவது வாங்குவோம்”னாரு. மூக்கம்மாவும் அந்த எழுத்தாளனத் திட்டி எங்கிட்ட ஒரு காயிதம் சொன்னா. நானே எழுதுனேன். கீழ பெருவெரல் ரேகை வச்சிருக்கா, இந்தா பாருங்க. என் வீட்டுக்காரன் வெரல உன் கதை தின்னுருச்சுன்னு எழுதச் சொன்னா. தபால்ல போடணும், அந்த வாரத்துப் புஸ்தகத்தயும் தேடிப் பிடிக்கணும். அதுக்குத்தான் போறேன். போன சனிக்கெழமையும் இதுக்குத்தான் போனேன். அதுக்கு மொத சனிக்கெழமையும். கெடைக்கல.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?

எந்த வாரமா? ஆடி மாசம். மெட்டுல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சே, அப்ப. ஏலக்காக் கெடங்குல அவன் மாட்டிக்கிட்டானே, அதுக்கு அடுத்த வாரம். வேணாம் சார், இப்ப எதுக்குப் பெரட்டுறீங்க? கொண்டையூசி வளைவுல படிச்சா வாந்தி வரும். போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் படிச்சுக்கிட்டே வந்து முன்னாடி உக்காந்திருந்த அம்மா மேலயே... நான் சொல்றதக் கேளுங்க, காத்துல தாளு பறந்துரும்... அதுல இல்லேன்னா உங்க பைண்டுல ஏதோ தாளு விட்டுப்போயிருக்கும்.

இல்லையா? இருக்கா? எங்க, குடுங்க.

“வைரமுடியால் இனி ஓரடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே படுத்தான். கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.”

தூங்குனானா?

தூங்கியா சார் தப்பிச்சான்?

...உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அந்த வாரம் ரோடு அடைச்சதுல புஸ்தகம் மேல வரவே இல்ல சார். ஞாயித்துக்கெழமை மழையில நனைஞ்சுக்கிட்டு அறுபது பேரு வந்து உக்காந்திருக்காங்க. புஸ்தகம் வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். எந்திரிச்சுப் போயிருப்பாங்க. அதான் எனக்குத் தாங்கல. பழைய புஸ்தகம் ஒண்ண விரிச்சு வச்சுக்கிட்டு நானாப் படிச்சேன். மூணு நாளு முழிச்சவன எப்படி எந்திரிக்க வைக்கிறதுன்னு தெரியல. செக்போஸ்ட்டுல ஒரு லாரிக்காரன் டீயோட மாத்திரை போட்டது ஞாபகம் வந்துச்சு. அத எடுத்து வைரமுடி சட்டப்பையில வச்சுட்டேன். கை தட்டுனாங்க சார். அத்தன வருசத்துல அன்னைக்கு மாதிரி ஒருநாளும் தட்டல. அடுத்த வாரம் நெசப் புஸ்தகம் வருது, வைரமுடி மொகம் கழுவி ஜம்முனு நிக்கிறான். நாங்குடுத்த மாத்திரையிலதான் எந்திரிச்சான்னு எல்லாரும் நெனச்சாங்க. நானும் நெனச்சேன்.

அது போகட்டும். கதை முடிஞ்சு மாப்ள எங்கிட்ட வந்து, “மச்சான், அப்படி ஒரு மாத்திரை நெசமாவே இருக்கா”ன்னு கேட்டான். அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல? நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அச்சுல வந்ததப் பொய்யின்றியா, லாரிக்காரங்களக் கேட்டுப் பாரு”ன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் சார். அச்சுன்னா அவனுக்கு அது பத்திரம் மாதிரி. நான் விரிச்சு வச்சிருந்த பக்கத்துல கருவேப்பிலைப் பொடி விளம்பரம் இருந்துச்சு.

இப்ப ஆஸ்பத்திரியில போய் நின்னா, “அந்த வாரத்த இன்னொருக்கா படி மச்சான், நான் எங்கயோ தப்பா முழுங்கிட்டேன், வைரமுடி எத்தன போட்டான்னு பாரு”ங்குறான். தப்பு அவன்மேலன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கான் சார். அந்தப் பக்கத்தக் கொண்டு வந்து காட்டுறோம்னு தொரைகிட்டயும் சொல்லியாச்சு. நான்தான்னு போய் நின்னா எனக்கு வேலை போகும், மூக்கம்மா எம்மொகத்துல முழிக்க மாட்டா. சொல்லலேன்னா அவ வீடு போகும். மூணு வாரமா இந்தக் காயிதத்த மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறி எறங்கிக்கிட்டிருக்கேன். எழுதாத ஒருத்தனத் திட்டி நானே எழுதுன காயிதம். எப்புடிப் பெட்டியில போடுறது?

நீங்களே சொல்லுங்க, நீங்கன்னா என்ன செய்வீங்க?

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? இது முந்தல்தானே, போடி இன்னும் வரலையே. இங்கயா எறங்கணும்? சொல்லவே இல்ல. பாத்து எறங்குங்க, படி வழுக்கும்... சார், சார், புஸ்தகத்த சீட்டுலயே வச்சுட்டுப் போறீங்க! இந்தாங்க... என்னது? வேணாமா? நானே வச்சுக்கவா? ஒரு வாரம்கூட விடாம சேத்து வச்சத யாராச்சும்... சார்!

போயிட்டாரு.

ஏம்ப்பா கண்டக்டர், விசில் அடிச்சுராத, நானும் எறங்கிக்கிறேன். போடிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், தெரியுது. இந்தப் புஸ்தகத்த மொதல்ல மூக்கம்மாகிட்டக் காட்டணும். மெட்டுக்கு மேல ஏறுற பஸ் எப்ப வரும்?