தட்டுனா விடணும்

அல்தாஃப்: …எந்திரிக்க வேண்டாம்னு சொன்னேன்ல. எடா, கிட அங்க. சாயா நானே ஊத்துறேன்.

பாண்டியராஜன்: ஒன்பது நாளா கிடந்துக்கிட்டுத்தான இருக்கேன் இக்கா. முதுகே புண்ணாப் போச்சு.

அல்தாஃப்: புண்ணானா நல்லது. சும்மா இருக்கத் தெரியாத ஆளுக்கு அது வேணும்.

பாண்டியராஜன்: மட்டாஞ்சேரியிலருந்து தினமும் பஸ் ஏறிப் பள்ளுருத்திக்கு வர்றீங்க. இதச் சொல்லவா?

அல்தாஃப்: அதுக்கும்தான்… எம்ஆர்ஐ வந்துச்சா?

பாண்டியராஜன்: ரூம்ல கூட இருக்குற விக்கி வாங்கிட்டு வந்தான். அந்தா, ஜன்னல்ல இருக்கு. டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு.

அல்தாஃப்: என்ன சொன்னாரு?

பாண்டியராஜன்: முட்டியில முன் ஜவ்வு முழுசா அந்துருச்சாம். பக்கத்து ஜவ்வு பாதி. உள்ள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்காம்ல, அதுவும் கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன்தான்.

அல்தாஃப்: படச்சோனே…

பாண்டியராஜன்: அதுக்கப்புறம் குத்தவச்சு உக்கார முடியுமான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, என்ன வேலைப்பான்னாரு. டைல்ஸ் ஒட்டுறேன்னேன். சிரிப்பு நின்னு போச்சு.

அல்தாஃப்: வேற வேலை பாக்கலாம்டா. பஜார்ல என் மாமா கடை இருக்கு…

பாண்டியராஜன்: சுக்கு மூட்டை தூக்கவா? அதுக்கும் முட்டி வேணும் இக்கா.

அல்தாஃப்: …நான் அன்னைக்கே சொன்னேன். குஸ்தியில ஹீல் ஹூக் மத்த பிடி மாதிரி இல்லன்னு.

பாண்டியராஜன்: சொன்னீங்க. கையப் பூட்டுனா வலிக்கும், வலிச்சதும் ‘தோத்துட்டேன், விடு’ன்னு தட்டலாம். குதிகால இடுக்கித் திருப்புறது அப்படியில்ல. வலி வர்றப்ப முட்டி போயிருக்கும்னு.

அல்தாஃப்: அதான். பிடி விழுந்ததுமே தட்டிடணும். வலிக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது.

பாண்டியராஜன்: திருப்புறவனும் மெதுவாத் திருப்பணும். பிடி விழுந்தா அங்கயே நிறுத்தணும். தட்டுனா அந்த நொடியே விடணும். அதையும் நீங்கதான் சொன்னீங்க.

அல்தாஃப்: ம்… சாயா ஆறுது. குடி.

பாண்டியராஜன்: கோச் எல்லாரையும் உக்கார வச்சு என் கதையத்தான் சொன்னாராம், விக்கி சொன்னான். ‘பாண்டி வீம்புக்குத் தட்டாமக் கிடந்தான், கால் போச்சு. நீங்க அப்படிச் செய்யாதீங்க’ன்னு.

அல்தாஃப்: விக்கி எதுக்கு அதெல்லாம் உன்கிட்ட வந்து…

பாண்டியராஜன்: சொன்னா என்ன? நான் தட்டலைன்னு நான்தான கோச்கிட்ட சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுலயே சொன்னேன். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க.

அல்தாஃப்: இருந்தேன்…

பாண்டியராஜன்: ஞாயித்துக்கிழமையிலருந்து புது பேட்சுக்குக் கால் பூட்டு நீங்கதான் சொல்லித் தரப்போறீங்களாமே?

அல்தாஃப்: கோச் கேட்டாரு. நான் இன்னும்…

பாண்டியராஜன்: சரின்னுட்டீங்களாம். விக்கியும் அந்த பேட்ச்ல பேர் குடுத்திருக்கான்.

அல்தாஃப்: அவனா? வேண்டாம்னு சொல்லு.

பாண்டியராஜன்: ஏன் இக்கா?

அல்தாஃப்: சும்மாதான்… புது ஆளு. கொஞ்ச நாள் போகட்டும்.

பாண்டியராஜன்: நேத்து உங்க வீட்டுலருந்து ரஃபீனா இத்தா போன் பண்ணுனாங்க. அழுதாங்க.

அல்தாஃப்: ரஃபீனாவா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே…

பாண்டியராஜன்: ‘உன் இக்கா உறங்கவே மாட்டேங்குறாரு மோனே. அன்னைக்கு ஹால் தகரக் கூரையில அப்படி மழை. அந்தச் சத்தத்துல நீ தட்டுனது கேக்கலையாம்’னாங்க.

அல்தாஃப்: ஆமா… அன்னைக்கு என்ன மழை! கேட்டியாடா, பக்கத்துல பேசுறதே கேக்கலை…

பாண்டியராஜன்: எது கேக்கலை இக்கா?

அல்தாஃப்: என்னடா?

பாண்டியராஜன்: நான் தட்டவே இல்லைன்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். அப்ப எந்தத் தட்டு கேக்கலைன்னு நீங்க வீட்டுல சொன்னீங்க?

அல்தாஃப்: அது… சாயா இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

பாண்டியராஜன்: நான் கீழ விரிச்ச மேட்ல தட்டலை, சத்தம் கேக்காமப் போக. உங்க தொடையில தட்டுனேன். ரெண்டு தடவை. மழை பெஞ்சா தொடைக்கு என்ன?

அல்தாஃப்: பின்னே எதுக்குடா கோச்கிட்ட பொய் சொன்ன?

பாண்டியராஜன்: நாம பழகுற ஹால் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவன் நான். வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தேன். வாடான்னு உள்ள பழகக் கூப்பிட்டது நீங்க. மத்தவனுக்கெல்லாம் நான் பாண்டி. எந்தத் தமிழன் வந்தாலும் இங்க பாண்டிதான். முழுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்.

அல்தாஃப்: பாண்டியராஜா…

பாண்டியராஜன்: கை தவறிருச்சுன்னு நினைச்சுக்கலாம்னுதான் பாத்தேன். நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு படுத்துக் கிடந்தேன். ஒன்பது நாளு. சாயாதான் வந்துச்சு.

அல்தாஃப்: அறிஞ்சேன்டா. மொதத் தட்டே அறிஞ்சேன்… அதுக்கு முந்தின நாள் எல்லாரும் பாக்க நான் உனக்குத் தட்டினேன்ல. ஏழு வருஷமாப் பழகுறேன் நான். நீ வந்து எட்டு மாசம். ‘பாண்டிகிட்டயா தோத்த’ன்னு பஜார்ல ஒவ்வொருத்தனும் சிரிச்சான். விடணும்னு தெரியும்… விடல. இன்னும் ஒரு திருப்புத் திருப்பினேன். ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நான் சொல்லித்தர நிக்கலை. இப்பவே போய் கோச்கிட்ட எல்லாம் சொல்லிடுறேன். உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்டா… அந்தத் தைரியத்துலதான் தினமும் இங்க வந்து உக்காந்தேன்.

பாண்டியராஜன்: தெரியும் இக்கா. ரெண்டாவது தடவை உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான தட்டுனேன்.