ஒரு பக்கம் மட்டும் அழுத முகம்

தண்ணீருக்கு நன்றி, மேடம். பேட்டி என்றாலே எனக்கு நாக்கு வறண்டுவிடும். நான் செய்த அனிமேஷன்களைத் தொகுத்துக் கொடுத்த டெமோ ரீலில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கடைசி ஷாட்டையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தீர்கள். ஃபோனில் கெட்ட செய்தி கேட்கும் அந்த அம்மாவின் முகத்தை எதைப் பார்த்துச் செய்தாய் என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வாய் இப்படித்தான் கோணியது என்றும் சொன்னீர்கள். சொல்லிவிடுகிறேன். இந்த வேலை எனக்கு உயிர் மாதிரி. அதைப் பொய் சொல்லி வாங்க மனம் வரவில்லை.

எங்களுக்கு அனிமேஷன் சொல்லித்தந்தவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். என் வேலையில் அவர் ஒரே குறையைத்தான் சொல்வார். “என்னடா இது, ரெண்டு கண்ணும் ஒண்ணா சிமிட்டுது, வாய் ரெண்டு பக்கமும் ஒண்ணா இழுக்குது? உயிரோட இருக்கிறவன் மூஞ்சி அப்படியா அசையும்? இது பொம்மைடா.” அவர் சொன்னது நியாயம்தான். அந்தப் பொம்மைகளை வைத்து நான் செய்த ரீலை அனுப்பிய இடம் எதிலிருந்தும் பதில் வரவில்லை. அண்ணன் லாரி ஓட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டான். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தின்றேன். அவமானமாக இருந்தது.

கண்ணாடி முன் நானே நடித்துப் பார்த்தேன், சகிக்கவில்லை. அம்மாவை நடிக்கச் சொன்னேன். ஃபோனைக் காதில் வைத்ததுமே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நடிக்கத் தெரிஞ்சிருந்தா உங்கப்பா இருந்தப்ப அவரோட அத்தனை சண்டை எதுக்குடா போட்டிருப்பேன்? போடா, போய் வேலையப் பாரு” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் முகம் முன்னாலேயே தயாராகிவிடும். அப்படியென்றால் தெரியாமல் இருக்க வேண்டும். இதில் தப்பாக என்ன இருக்கிறது?

ஒரு காலையில், சமையலறையில் என் அறைக் கதவை ஒட்டியிருக்கும் அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் சின்னக் கேமராவை வைத்தேன். அது பார்ப்பதை என் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு, குரலை மாற்றும் செயலியைப் போட்டு, புது நம்பரிலிருந்து அம்மாவை அழைத்தேன். உங்கள் மூத்த மகன் ஓட்டிய லாரி பாலத்திலிருந்து விழுந்துவிட்டது, ஆள் பிழைக்கவில்லை என்றேன். எடுத்து முடித்ததும் ஓடிப்போய், எவனோ தப்பான நம்பருக்குப் பேசியிருக்கிறான் அம்மா என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அவள் அலறவில்லை. முதலில் அடுப்பை அணைத்தாள்; பால் இன்னும் பொங்கவில்லை. ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள். ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள், அந்தக் காதிலாவது வேறு செய்தி வராதா என்பதுபோல. ஆயுசு முழுக்க மண்டையைக் குடைந்தாலும் இதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்காது. பிறகு வாயின் இடது பக்கம் அழுதது. வலது பக்கம் சும்மா இருந்தது. உம்மணாமூஞ்சி கேட்டது இதைத்தான் என்று எனக்குப் புல்லரித்துப்போனது. அவள் கையிலிருந்து ஃபோன் நழுவியபோதும் அதை அழகு என்றே நினைத்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார். “எப்பப்பா ஆரம்பிச்சுது? சரியான நேரம் தெரிஞ்சா பக்கவாதத்துக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம். தெரியாம போடக் கூடாது.” நேரம் என் சட்டைப் பையில் கிடந்த கேமராவின் மெமரி கார்டில்தான் இருந்தது, வீடியோவின் மூலையில். அதைக் காட்டினால் மீதியையும் காட்ட வேண்டும். “நான் பார்த்தப்பவே கீழ விழுந்து கிடந்தாங்க டாக்டர்” என்றேன்.

சாயங்காலம் அண்ணன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனை உயிரோடு பார்த்ததும் அம்மாவின் பாதி முகம் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தது. அப்போது பார்த்து என் கையில் கேமரா இல்லை. அன்று ஃபோன் பண்ணியவனை அண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். “மாட்டட்டும்டா, அவன் கைய முறிச்சுப் போடுறேன்” என்பான். நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன். பாவம், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் கேட்டீர்கள். முடிவில் அந்த அம்மா நேராக நம்மைப் பார்த்து உதட்டை அசைக்கிறாளே, என்ன சொல்கிறாள் என்று. அவள் பார்த்தது கேமராவை அல்ல, என் அறைக் கதவை. “சின்னவனே” என்று கூப்பிட்டாள். குழறிக் குழறிக் கூப்பிட்டாள். அது அழகில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எழுந்தால் ஷாட் கெட்டுவிடும். அவள் சரியும் வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரிந்த பிறகும் கொஞ்ச நேரம்.

வேலை தந்தாலும் தராவிட்டாலும் அந்த ஷாட்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லாதீர்கள், மேடம். அதற்குப் பிறகு அம்மா பேசவே இல்லை. அவள் கடைசியாகப் பேசியதை இவ்வளவு பத்திரமாக எந்தப் பிள்ளை வைத்திருப்பான்?