உருளைக்கிழங்குத் தாள்களோடு போன படிகம்

என் பெயர் விப்கே ஓஸ்டர்லோ. வயது 17. கோட்டிங்கன் நகரில் ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பில் தாயாருடன் வசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, முனைவர் ஆல்போர்ன் அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். தாயார் உடனிருக்க, காவல் நிலையத்தில் இதைச் சொல்கிறேன்.

அங்கே ஜார்ஜியா நாட்டு மாணவர் லேவன், பிளாட்டினப் படிகத்தின் மேல் ஹீலியம் அணுக்களை எய்து, அவை சிதறும் விதத்தை வைத்து அதன் மேற்பரப்பை ஆராய்கிறார். சுத்தமான பொருள் எதையும் அலுமினியத் தாளில்தான் சுற்றி வைப்பார்கள். காற்றை உறிஞ்சி வெளியேற்றிய சோதனைக் கலத்தை, உள்ளே ஒட்டிய ஈரம் போக இரண்டு நாள் சூடாக்கும்போது, உருளைக்கிழங்குகளையும் அதே தாளில் சுற்றி அதன்மேல் செருகி வேகவைப்பது அவர்கள் வழக்கம்.

இம்மாதம் 6ஆம் தேதி புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் கிழங்கு சாப்பிட்டார்கள். லேவன் என்னிடம், "ஏய் விப்கே, சுவரோட சுவரா நிக்காத, ஒண்ணு எடுத்துக்கோ. பேசினாத்தான் தருவேன்னு சொல்லல" என்றார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு மேசையிலிருந்த தாள்களைக் குப்பையில் போட வாரினேன். அவற்றில் ஒன்று கையில் கசங்கவில்லை. நடைவழியில் பிரித்தேன். நகம் அளவு வட்டத் தகடு கண்ணாடிபோல் இருந்தது. அது படிகம் என்று தெரியுமுன் கட்டைவிரலால் தொட்டுவிட்டேன். "ஹீலியத்துக்கு உன் விரல் ரேகை ஆல்ப்ஸ் மலை மாதிரி" என்று லேவன் முன்பு சொன்னது நினைவுக்கு வந்ததால், அதைக் கெடுத்துவிட்டேன் என்று திருப்பி வைக்கப் பயந்து, கிழங்கோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் படிகத்தைக் காணாமல் ஆல்போர்ன் அம்மையார், "கடைசியா தொட்டது நீதானே?" என்று லேவனைக் கேட்டார். அவர், "கையுறை இல்லாம அது பக்கத்துல மூச்சுகூட விட்டதில்ல மேடம்" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. அன்று மாலை லேவனைத் திருட்டுக் குற்றத்துக்காக அழைத்துப்போனீர்கள். நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இந்த நிலையத்தின் வாசல்வரை இரண்டு முறை வந்து திரும்பினேன். அதன் பிறகு நான் தூங்கவில்லை. கிழங்கையும் சாப்பிடவில்லை.

இன்று படிகத்தை அதே தாளில் ஒப்படைத்தேன். துடைக்கவில்லை. என் பத்து விரல் ரேகைகளும் எடுக்கப்பட்டன. வலது கட்டைவிரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லேவனுடைய ரேகை அதில் எங்கும் இருக்காது.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வி. ஓஸ்டர்லோ